உங்கள் கணினியில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது? பார்க்கும் வழிகளும் எண்களின் பொருளும்

கணினி மிகவும் மெதுவாக ஓடுகிறது என்று வருந்துபவரிடம், “அதில் நினைவகம் எவ்வளவு?” என்று கேட்டால், பல நேரங்களில் “ஐந்நூறு ஜிபி” என்ற பதில் வருகிறது. அவர் சொல்வது கோப்புகளும் படங்களும் தங்கியிருக்கும் வட்டின் கொள்ளளவு. நாம் கேட்டதோ ரேம் எனப்படும் முதன்மை நினைவகத்தின் அளவு. இரண்டையும் ஜிபி என்ற ஒரே அலகால் அளக்கிறோம். பேச்சுவழக்கில் இரண்டையும் ‘மெமரி’ என்றே அழைத்துப் பழகியும் விட்டோம். ஆகவே இந்தக் குழப்பத்திற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எதை அளக்கிறோம் என்பது தெளிவாகாமல் அளவைப் பார்த்துப் பயன் இல்லை என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு நிரலைத் திறக்கும்போது, அது வட்டிலிருந்து படிக்கப்பட்டு ரேமுக்கு ஏற்றப்படுகிறது. நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் கடிதம், உலாவியில் திறந்து வைத்திருக்கும் பக்கங்கள், இயங்குதளத்தின் முக்கியப் பகுதிகள் ஆகிய அனைத்தும் வேலை நடக்கும் நேரத்தில் அங்கேதான் இருக்கின்றன. பிராசசர் எனப்படும் செயலி நேரடியாகக் கைநீட்டி எடுக்கக்கூடிய இடம் அதுவே. வட்டில் உள்ள எதையும் முதலில் ரேமுக்குக் கொண்டுவந்த பிறகே அதனால் கையாள முடியும். இடம் போதாமல் போகும்போது, அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை இயங்குதளம் வட்டுக்கு நகர்த்திவிட்டு, தேவைப்படும்போது மீண்டும் கொண்டுவருகிறது. வட்டு ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. கணினி திடீரெனத் தள்ளாடுவதற்கும், ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற அது நெடுநேரம் எடுத்துக்கொள்வதற்கும் இந்தப் போக்குவரத்து ஒரு முக்கியக் காரணம்.

ரேமின் உள்ளே ஒவ்வொரு பிட்டும் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தரவுத் துணுக்கு) மிகச் சிறிய ஒரு மின்தேக்கியில் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகிறது. அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்ட் உருவாக்கி, 1968-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்புதான் இன்றைய கணினிகளிலும் தொடர்கிறது. மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் தானாகவே கசிந்துவிடும் இயல்புடையது. அதனால் ஒவ்வொரு பிட்டையும் வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை படித்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் புதுப்பித்தலும் நின்றுவிடுகிறது. சேமிக்காமல் விட்ட கடிதம் மின்தடையின்போது காணாமற்போவது இதனால்தான்.

அலகுகளைப் பற்றியும் ஓரிரு வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ரேமின் உலகில் ஒரு கிலோபைட் என்பது 1024 பைட். 1024 கிலோபைட் சேர்ந்தால் ஒரு மெகாபைட். 1024 மெகாபைட் சேர்ந்தால் ஒரு கிகாபைட், அதாவது ஜிபி. எனவே 4 ஜிபி என்பது 4096 மெகாபைட், 8 ஜிபி என்பது 8192, 16 ஜிபி என்பது 16384. இந்த எண்களை அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிட்டால், எந்தத் திரையில் பார்த்தாலும் அளவு உடனே புரிந்துவிடும். வட்டுகளைத் தயாரிப்பவர்கள் ஆயிரத்தை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐக் கொண்டு கணக்கிடுகிறது. 500 ஜிபி என்று அட்டையில் அச்சிட்ட வட்டு, விண்டோஸில் சுமார் 465 ஜிபி என்று தெரிவதற்கு இதுவே காரணம். ரேமில் இந்த வேறுபாடு எழுவதில்லை. 8 ஜிபி என்று விற்கப்படும் ரேம் முழுமையாக 8192 மெகாபைட் கொண்டிருக்கும். ஆகவே ரேமின் அளவு குறைந்து தெரிந்தால் அதற்குக் காரணம் வேறு ஏதோ ஒன்று. அதைப் பின்னால் பார்ப்போம்.

விண்டோஸில் பார்ப்பது

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டிலும் மிக எளிய வழி இதுதான். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்து, ‘சிஸ்டம்’ என்பதற்குள் சென்று, பட்டியலின் கடைசியில் இருக்கும் ‘அபவுட்’ என்பதைச் சொடுக்குங்கள். அங்கே செயலியின் பெயர் முதலான விவரங்களோடு ‘இன்ஸ்டால்டு ரேம்’ என்ற வரி இருக்கும். ஸ்டார்ட் பொத்தானின் மீது வலது சொடுக்குச் செய்து ‘சிஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் அதே பக்கம் வந்துவிடும். விசைப்பலகையில் ‘பாஸ்’ விசை இருந்தால், விண்டோஸ் விசையோடு சேர்த்து அதை அழுத்துவது இன்னும் விரைவான வழி. விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியில், ‘கம்ப்யூட்டர்’ சின்னத்தின் மீது வலது சொடுக்குச் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ என்பதைத் திறந்தால் போதும்.

அந்த வரியில் பெரும்பாலும் ஓர் எண்ணுக்கு இரண்டு எண்கள் இருக்கும். 8.00 ஜிபி என்று முதலில் இருக்கும். அதன் அருகே அடைப்புக்குறிக்குள், பயன்படுத்தக்கூடியது 7.88 ஜிபி என்பது போன்ற இன்னோர் எண் இருக்கும். முதலாவது, கணினிக்குள் பொருத்தப்பட்டிருக்கும் ரேமின் அளவு. இரண்டாவது, அதில் விண்டோஸின் கைக்கு வந்து சேர்ந்த அளவு. மூன்றாவதாக ஓர் எண்ணும் உண்டு. இந்த நொடியில் எவ்வளவு செலவாகிக்கொண்டிருக்கிறது என்பதே அது. நினைவகத்தைப் பற்றி எழும் ஐயங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் வருபவை. வெவ்வேறு திரைகள் வெவ்வேறு எண்களைக் காட்டும்போது, கணினி தவறாகச் சொல்கிறது என்று எண்ணாமல், இந்தத் திரை மூன்றில் எதைச் சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

மூன்று எண்களையும் ஒரே இடத்தில் காட்டுவது டாஸ்க் மேனேஜர். தொடக்க நிலையில் இருப்பவர்களும் இதைத் திறந்து பார்க்கத் தயங்க வேண்டியதில்லை. பார்ப்பதால் எதுவும் கெட்டுவிடாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் அது திறக்கும். சுருக்கமான வடிவில் திறந்தால் ‘மோர் டீட்டெய்ல்ஸ்’ என்பதைச் சொடுக்கி விரித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குச் சென்று, இடப்பக்கத்தில் ‘மெமரி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

8 ஜிபி ரேம் உள்ள ஒரு மடிக்கணினியில் இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று நிதானமாகப் பார்ப்போம். வலப்பக்க மேல் மூலையில் 8.0 ஜிபி என்று இருக்கிறது. அது பொருத்தப்பட்ட அளவு. அதற்குக் கீழே உள்ள வரைபடத்தின் ஓரத்தில் 7.9 ஜிபி என்று இருக்கிறது; அது பயன்படுத்தக்கூடிய அளவு. வரைபடத்துக்குக் கீழே, ‘இன் யூஸ்’ என்பதற்கு நேராக 4.6 ஜிபி என்றும், ‘அவைலபிள்’ என்பதற்கு நேராக 3.3 ஜிபி என்றும் இருக்கின்றன; இவை நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருப்பவை. வலப்பக்கத்தில் சிறிய எழுத்தில் நான்கு வரிகள் இருக்கின்றன. வேகம் 2667 என்கிறது முதல் வரி. இரண்டு இடங்களில் ஒன்றில் மட்டும் ரேம் பொருத்தப்பட்டிருக்கிறது என்கிறது இரண்டாவது. ரேம் பலகையின் வடிவம் மடிக்கணினிக்கு உரிய எஸ்ஓடிம் என்கிறது மூன்றாவது. வன்பொருளுக்காக 125 மெகாபைட் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்கிறது நான்காவது.

இப்போது ஒரு சிறிய கழித்தல் கணக்குப் போடுவோம். 8192-இலிருந்து 125-ஐக் கழித்தால் 8067. அதை 1024-ஆல் வகுத்தால் 7.88. ‘அபவுட்’ பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பார்த்த அதே எண் கிடைத்துவிட்டது. காணாமற்போனதாகத் தோன்றிய அந்தச் சிறிய பகுதி எங்கே போயிற்று என்பதை நாமே கண்டுபிடித்துவிட்டோம். இந்த ஒரு கணக்கை உங்கள் கணினியின் எண்களை வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். எத்தனை விளக்கங்களைப் படித்தாலும் இது தரும் தெளிவு கிடைக்காது.

இடங்களின் எண்ணிக்கையைச் சொல்லும் வரியும் மிகவும் பயனுள்ளது. ஒன்று காலியாக இருந்தால், இருக்கும் ரேமை எடுக்காமலேயே இன்னொன்றைச் சேர்க்க முடியும் என்று பொருள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் சில்லுகள் தாய்ப்பலகையின் மீதே பற்றவைக்கப்பட்டிருக்கும். அத்தகைய கணினிகளில் வடிவத்தைச் சொல்லும் வரியில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று காணலாம். அவற்றில் காலி இடம் இருப்பதாகத் திரை காட்டினாலும், அதை மட்டும் நம்பி ரேம் வாங்கிவிடாமல் கணினியின் கையேட்டையும் பார்த்துவிடுவது நல்லது.

விண்டோஸில் மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தினால் வரும் சிறிய பெட்டியில், எம், எஸ், ஐ, என், எஃப், ஓ என்ற ஆறு ஆங்கில எழுத்துகளையும் அவற்றோடு 32 என்ற எண்ணையும் இடைவெளியின்றித் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துங்கள். திறக்கும் நீண்ட அறிக்கையில் பொருத்தப்பட்ட நினைவகம், மொத்த நினைவகம், இப்போது மீதமிருக்கும் நினைவகம் என்று தனித்தனி வரிகள் இருக்கும். கூடவே ‘விர்ச்சுவல் மெமரி’ என்ற பெயரில் இன்னும் பெரிய ஓர் எண்ணும் இருக்கும். ரேமையும், வட்டில் அதற்குத் துணையாக ஒதுக்கி வைத்திருக்கும் கோப்பையும் சேர்த்துக் கூட்டிய தொகை அது. அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து, கணினியில் ரேம் அதிகமாக இருப்பதாக எண்ணிவிட வேண்டாம்.

பொருத்தியது ஒன்று, கிடைப்பது வேறொன்று

நூறு இருநூறு மெகாபைட் குறைவது எல்லாக் கணினிகளிலும் இயல்பு. ஆனால் சில கணினிகளில் 8 ஜிபி பொருத்தியிருந்தும் 5.9 ஜிபி மட்டுமே பயன்படுத்தலாம் என்று காட்டும். இதைக் கண்டு பலர் அதிர்ச்சியடைகிறார்கள். தனியாகக் கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில், திரையில் படம் வரையும் பகுதி செயலிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று சொந்த நினைவகம் இல்லாததால், முதன்மை ரேமிலிருந்தே ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பங்கு 2 ஜிபி என்று நிலையாக ஒதுக்கப்பட்டிருந்தால், விண்டோஸின் கணக்கில் அது வரவே வராது. இது பழுது ஆகாது. இயங்குதளத்துக்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலின் அமைப்பில் அந்தப் பங்கைக் குறைக்கும் வசதி சில கணினிகளில் இருக்கும். ஆனால் விளையாட்டுகளும் காணொளித் தொகுப்பு நிரல்களும் அந்தப் பங்கை நம்பியிருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அதை மாற்ற வேண்டும்.

இன்னொரு காரணம் 32 பிட் இயங்குதளம். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகளின் மொத்த எண்ணிக்கை சுமார் 429 கோடியே 49 லட்சம். ஒரு முகவரிக்கு ஒரு பைட் என்று கொண்டால் அது சரியாக 4 ஜிபி. அந்த 4 ஜிபிக்குள்ளும் கிராஃபிக்ஸ், வலைப்பின்னல் முதலிய சாதனங்களுக்கென்று சில முகவரிகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே 32 பிட் விண்டோஸில் 4 ஜிபி பொருத்தினால் 3 ஜிபியோ அதற்குச் சற்று மேலோதான் கிடைக்கும். 8 ஜிபி பொருத்தினாலும் நிலைமை பெரிதாக மாறாது. ‘அபவுட்’ பக்கத்தில் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியைப் பார்த்தால் உங்களுடையது 32 பிட்டா, 64 பிட்டா என்பது தெரிந்துவிடும். விண்டோஸ் 11 தனிக் கணினிகளுக்கு 64 பிட்டில் மட்டுமே வருவதால், அதைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பழைய விண்டோஸ் 7-இல் பதிப்பைப் பொறுத்தும் வரம்பு உண்டு: ஹோம் பேசிக் பதிப்பு 8 ஜிபிக்கு மேலும், ஹோம் பிரீமியம் பதிப்பு 16 ஜிபிக்கு மேலும் ரேமைப் பயன்படுத்தாது.

அரிதாக, யாரோ ஒருவர் மாற்றிவிட்டுப்போன ஓர் அமைப்பும் காரணமாக இருக்கலாம். ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ என்ற கருவியில், ‘பூட்’ பகுதியின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் ‘மேக்ஸிமம் மெமரி’ என்று ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது. கணினி வேகமாகும் என்ற தவறான அறிவுரையைக் கேட்டு இதில் குறியிட்டு வைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறியை நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தால் முழு அளவும் திரும்பிவிடும்.

பயாஸ் சொல்லும் உண்மை

விண்டோஸ் சொல்வது நீங்கள் எதிர்பார்த்த அளவோடு பொருந்தவில்லை என்றால், அதற்கும் முந்திய ஒரு சாட்சியைக் கேட்கலாம். கணினியை இயக்கியவுடன், இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே பயாஸ் அல்லது அதன் இன்றைய வடிவமான யூஇஎஃப்ஐ வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு ரேம் பலகையின் மீதும் எஸ்பிடி என்ற மிகச் சிறிய ஒரு சில்லு இருக்கிறது. அந்தப் பலகையின் கொள்ளளவு, வேகம், தேவைப்படும் மின்னழுத்தம் முதலிய விவரங்கள் தயாரிப்பின்போதே அதில் எழுதப்பட்டிருக்கும். பயாஸ் அதைப் படித்துத்தான் எந்த இடத்தில் எவ்வளவு ரேம் இருக்கிறது என்று அறிந்துகொள்கிறது. கணினியை இயக்கிய கணத்திலேயே டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தொடர்ந்து தட்டினால் பெரும்பாலான கணினிகளில் இந்த அமைப்புத் திரை திறக்கும். சில தயாரிப்புகளில் எஃப்10 அல்லது எஸ்கேப் விசையாக இருக்கும். முதல் பக்கத்திலேயே மொத்த நினைவகத்தின் அளவு இருக்கும். பார்த்து முடித்ததும், எதையும் மாற்றாமல் சேமிக்காமல் வெளியேறிவிடுங்கள்.

இந்த ஒரு சோதனை சிக்கலை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. பயாஸில் 16 ஜிபி தெரிந்து விண்டோஸில் குறைந்தால், காரணம் கிராஃபிக்ஸ் ஒதுக்கீட்டிலோ இயங்குதளத்திலோ இருக்கிறது. பயாஸிலேயே குறைவாகத் தெரிந்தால், பலகை சரியாகப் பொருந்தவில்லை, அல்லது பலகையோ அது அமரும் இடமோ பழுதாகியிருக்கிறது.

ஒருமுறை என் மேசைக்கணினியைத் திறந்து தூசு தட்டி மூடிய பிறகு, அது வழக்கத்தைவிட மிகவும் சோர்வாக ஓடியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 16 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 8 ஜிபி இருந்தது; இடங்களுக்கான வரி நான்கில் ஒன்று என்று காட்டியது. நான் பொருத்தியிருந்ததோ இரண்டு. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, இரண்டாவது பலகையின் ஒரு முனை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மேலே எழும்பியிருந்தது. அந்தப் பக்கத்துப் பிடி மூடவில்லை. பலகையை முழுவதுமாக வெளியே எடுத்து, நேராக வைத்து, இரு முனைகளையும் சமமாக அழுத்தியபோது ‘டக்’ என்ற ஒலியோடு பிடி தானாக மூடிக்கொண்டது. பயாஸ் திரையில் 16384 என்ற எண்ணைப் பார்த்த பிறகுதான் மூடியைத் திருகி மூடினேன். தூசு தட்டும்போது என் கை பட்டுப் பலகை நகர்ந்திருக்க வேண்டும். அளவைப் பார்க்கத் தெரிந்திருந்ததால் பழுதென்று எண்ணிப் புதியது வாங்காமல் தப்பினேன்.

மேக், லினக்ஸ்

மேக் கணினியில் திரையின் இடப்பக்க மேல் மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தைச் சொடுக்கி, ‘அபவுட் திஸ் மேக்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ‘மெமரி’ என்ற வரியில் அளவு வந்துவிடும். எவ்வளவு செலவாகிறது என்பதை ‘ஆக்டிவிட்டி மானிட்டர்’ நிரலின் ‘மெமரி’ பகுதி காட்டும். 2020-இன் இறுதியில் வந்த எம்1 சில்லிலிருந்து, ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட மேக்குகளில் செயலியும் கிராஃபிக்ஸும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வாங்கிய பிறகு அதைக் கூட்ட வழியில்லை. எனவே அந்த எண்ணை வாங்கும் முன்பே பார்த்து முடிவெடுத்துவிட வேண்டும்.

லினக்ஸில் க்னோம் போன்ற சூழல்களில் அமைப்புகளுக்குள் உள்ள ‘அபவுட்’ பக்கம் அளவைச் சொல்லிவிடும். முனையத்தில் வேலை செய்யப் பழகியவர்கள் எஃப், ஆர், ஈ, ஈ என்ற நான்கு எழுத்துச் சிறு கட்டளையைத் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோட்டையும் எச் எழுத்தையும் சேர்த்து என்டர் விசையை அழுத்தினால், மொத்தம், செலவானது, வெறுமையானது, மீதமிருப்பது என்று நெடுவரிசைகளாக எண்கள் வரும். இங்கே காட்டப்படும் மொத்தம், லினக்ஸின் மையப் பகுதியான கருநிரல் தனக்கென ஒதுக்கியது போக மீதி என்பதால், பொருத்திய அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். புதிதாக லினக்ஸுக்கு வருபவர்கள் ‘ஃப்ரீ’ என்ற நெடுவரிசையில் மிகச் சிறிய எண்ணைப் பார்த்து ரேம் தீர்ந்துவிட்டதாகப் பதறுகிறார்கள். பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் ‘அவைலபிள்’ என்ற நெடுவரிசையைத்தான். வெறுமையாகக் கிடக்கும் ரேமில் அண்மையில் படித்த கோப்புகளின் நகல்களை லினக்ஸ் வைத்துக்கொள்கிறது. நிரல் ஏதேனும் இடம் கேட்டால் அவற்றை உடனே விட்டுக்கொடுத்துவிடும்.

விண்டோஸும் இதே வழக்கத்தைப் பின்பற்றுகிறது. டாஸ்க் மேனேஜரில் ‘கேஷ்டு’ என்று காட்டப்படுவது அதுதான். ஒன்றுமே செய்யாதபோதும் ரேமில் கணிசமான பகுதி செலவாகியிருப்பது பழுதின் அறிகுறி ஆகாது. நீங்கள் அன்றாடம் ஒன்றாகத் திறந்து வைக்கும் நிரல்கள் அனைத்தையும் திறந்து, வழக்கமான வேலையை நடத்திக்கொண்டே அந்தப் பக்கத்தைப் பாருங்கள். ‘இன் யூஸ்’ எண் எந்நேரமும் மொத்த அளவை ஒட்டியே நின்று, வட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால், ரேம் உண்மையிலேயே போதவில்லை.

எவ்வளவு இருந்தால் போதும் என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி. அதில் இயங்குதளம் ஏறும் என்பதைத் தாண்டி நிம்மதியாக வேலை செய்ய முடியாது. உலாவி, கடிதம், கணக்குத் தாள் ஆகியவற்றுக்கு 8 ஜிபி போதும். படத் திருத்தம், காணொளித் தொகுப்பு, நிரலாக்கம் என்று போனால் 16 ஜிபியிலிருந்து தொடங்குவதே நல்லது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் அடிப்படை வடிவில் 16 கிலோபைட் நினைவகம்தான் இருந்தது. இன்றைய 8 ஜிபி அதைப்போல 5 லட்சத்து 24 ஆயிரத்து 288 மடங்கு என்று கணக்கிட்டுப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

பலகையின் மீது ஒட்டியிருக்கும் தாள்

கணினியே இயங்காதபோதோ, தனியாகக் கையில் ஒரு ரேம் பலகை கிடைத்தபோதோ, அதன் மீது ஒட்டியிருக்கும் தாளைப் படித்துத்தான் அளவை அறிய வேண்டும். கணினிக்குள் இருக்கும் பலகையைப் பார்ப்பதானால், முதலில் கணினியை முழுவதுமாக நிறுத்தி, மின் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். மடிக்கணினியாக இருந்து, மின்கலத்தைக் கழற்ற முடியுமானால் அதையும் கழற்றிவிடுங்கள். உடலில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுப் பலகையை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். பொன்னிறத் தொடுமுனைகளில் விரல் படக் கூடாது.

தாளில் ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழ் எழுத்தில் எழுதினால், ‘8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666’ என்பது போல இருக்கும். 8ஜிபி என்பது கொள்ளளவு. 1ஆர்எக்ஸ்8 என்பதில் உள்ள ஒன்று, சில்லுகள் ஒரே அணியாக வேலை செய்கின்றன என்பதையும், எட்டு, ஒவ்வொரு சில்லும் ஒரே நேரத்தில் எட்டு பிட்டைத் தருகிறது என்பதையும் சொல்கின்றன. பலகை ஒரே நேரத்தில் தர வேண்டியது 64 பிட். எனவே எட்டுச் சில்லுகள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் எட்டுதான் இருக்கும். மொத்தம் 8 ஜிபி என்பதால் ஒவ்வொரு சில்லிலும் ஒரு ஜிபி. பிசி4 என்பது இது டிடிஆர்4 தலைமுறை என்பதையும், 2666 என்பது நொடிக்கு 2666 மில்லியன் முறை தரவு கைமாறுகிறது என்பதையும் குறிக்கின்றன. ஒரு முறைக்கு 8 பைட் என்பதால் 2666-ஐ எட்டால் பெருக்கினால் சுமார் 21300 வருகிறது. சில பலகைகளில் அதே வேகம் பிசி4-21300 என்று அச்சிடப்பட்டிருப்பதும் இதனால்தான், இரண்டும் ஒன்றே. சில கருவிகள் இதே பலகையின் வேகத்தை 1333 என்று காட்டும். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு கைமாறுவதால் துடிப்பின் எண்ணிக்கை பாதியாக இருக்கிறது. பலகையில் குறை ஏதும் இல்லை.

கூடுதல் ரேம் வாங்க நினைப்பவர்கள் அளவோடு தலைமுறையையும் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். டிடிஆர்4 தரம் 2012-இலும் டிடிஆர்5 தரம் 2020-இலும் வெளியாயின. மேசைக்கணினியில் டிடிஆர்3 பலகைக்கு 240 தொடுமுனைகள், டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288. கடைசி இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் கீழ்விளிம்பில் உள்ள வெட்டின் இடம் வேறுபடுவதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமராது. அழுத்தினாலும் உள்ளே போகவில்லை என்றால் மேலும் அழுத்தாமல் நிறுத்திவிடுங்கள். ஒன்று திசை மாறியிருக்கிறது, அல்லது தலைமுறை மாறியிருக்கிறது. உங்கள் தாய்ப்பலகை அதிகபட்சம் எவ்வளவு ரேமை ஏற்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

புதிய பலகையைப் பொருத்தியவுடன் கணினியின் மூடியை மூடுவதற்கு முன் பயாஸ் திரையை ஒருமுறை பாருங்கள். விண்டோஸ் ஏறியதும் டாஸ்க் மேனேஜரின் அதே பக்கத்தைத் திறந்து, மேல் மூலையில் உள்ள எண் கூடியிருக்கிறதா, இடங்களுக்கான வரி இரண்டில் இரண்டு என்று மாறியிருக்கிறதா, வன்பொருளுக்கு ஒதுக்கியது முன்பிருந்த அளவை ஒட்டியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.